மலைச்சரிவு வீட்டில் குளித்த தண்ணீரை மரக்கறிக்கு விடுவது

பதுளை மாவட்ட ஹாலி-எல பக்கம் ஏழு பேர்ச் (ஒரு பேர்ச் சுமார் 25 சதுர மீற்றர்) காணியில் வீடு, ஜூன் பிறந்தால் ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் மெலிந்துவிடுகிறது, ஐந்து பேர் குளித்துத் துவைக்கிற தண்ணீர் சும்மா கானில் (வடிகாலில்) ஓடுகிறது, அதை மரக்கறிக்கு விட என்ன பில்டர் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பில்டரைப் பற்றியது. ஆனால் அந்தத் தண்ணீரில் விளைந்ததைப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கலாமா, இருக்கிற கொஞ்ச மண்ணும் கெட்டுப்போகுமா என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் வீடு சரிவில் இருக்கிறது. சமதரையில் எழுதப்பட்ட ஆலோசனைகளை அப்படியே எடுத்து மலையில் செய்யக் கூடாது.

முதலில் பதில்: விடலாம். குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் வெயில் மாதங்களில் வாழை, பப்பாசி, மரத்தக்காளி, பந்தலில் ஏறும் சவ்சவ், மாட்டுப்புல் ஆகியவற்றுக்கு நன்றாகவே உதவும். மணல், கரி, கல் என்று அடுக்கிய பில்டர் தேவையில்லை. தண்ணீரைச் சேர்த்து வைக்காமல், அன்றைக்கே, மண்ணுக்குள், பரவலாக விட வேண்டும். மழை தொடங்கியதும் தோட்டத்துக்கு விடுவதை அடியோடு நிறுத்திக் கானுக்குத் திருப்ப வேண்டும். இவை இரண்டையும் செய்ய முடியாவிட்டால் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

பில்டர் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. குளித்த தண்ணீரில் முடி, தோல் அழுக்கு, எண்ணெய், சவர்க்காரம் இருக்கும். துவைத்த தண்ணீரில் துணிப் பஞ்சு அதிகம். இவை மணலில் போய்ப் படிந்து வழுவழுப்பான ஒரு படையாகிவிடும். சில வாரங்களில் தண்ணீர் இறங்காது, நாற்றம் வரும், மணலை அள்ளிக் கழுவ வேண்டிவரும். கழுவுவதற்கும் தண்ணீர் வேண்டும். கிருமியையும் அந்தச் சின்ன பில்டர் நம்பத்தக்க அளவுக்குப் பிடிக்காது, கரைந்திருக்கும் உப்பைப் பிடிக்கவே பிடிக்காது. தெளிவாக வருகிறது என்பதால் சுத்தம் என்று நினைத்துக் கீரைக்கு ஊற்றுவார்கள், ஆபத்து அங்கேதான். தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேலையை மேல்மண்ணிலுள்ள நுண்ணுயிர்களிடம் விட்டுவிடலாம். முதல் ஒரு அடி மண்ணில்தான் அவை நிறைய இருக்கின்றன. நம் வேலை அவை தாங்கும் அளவுக்கு மட்டும் கொடுப்பது.

எந்தத் தண்ணீர் ஆகும், எது ஆகாது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. மலசலகூடத் தண்ணீர், குழந்தையின் மலத்துணி அலசிய தண்ணீர், இறைச்சி மீன் கழுவிய தண்ணீர் கூடாது. வீட்டில் யாருக்காவது வயிற்றோட்டமோ மஞ்சள் காமாலையோ இருந்தால் அவர்கள் குணமாகி ஒரு வாரம் கழியும்வரை எல்லாத் தண்ணீரையும் தோட்டத்துக்கு விடாமல் நிறுத்துங்கள். குளித்த தண்ணீரிலும் மலக்கிருமி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், சுத்தமான குடும்பம் என்பதால் இல்லாமல் போகாது. தோட்ட வீடுகளில் மறந்துபோகிற ஒன்றும் உண்டு. மலையில் களைநாசினி, பூச்சிநாசினி அடிக்கிறவரின் உடுப்பைத் துவைத்த தண்ணீரும், தெளிகருவி கழுவிய தண்ணீரும் உங்கள் பாத்தியைத் தொடவே கூடாது. அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். அந்தத் தண்ணீர் பீலிப் பக்கமோ ஓடைப் பக்கமோ போய்விடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குசினித் தண்ணீரைத் தனியாக யோசிக்க வேண்டும். அரிசி, பருப்பு, மரக்கறி கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து அன்றே எந்தச் செடிக்கும் ஊற்றலாம். சட்டி பானை கழுவிய தண்ணீரில் எண்ணெய் இருப்பதால் குழாயையும் மண்ணையும் அடைக்கும், எலியையும் நாயையும் கூப்பிடும். அதையும் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் 20 லீற்றர் பெயின்ட் வாளி இரண்டில் எண்ணெய் பிடிக்கும் தொட்டி செய்யலாம். முதல் வாளியிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் குழாயின் வாய் தண்ணீரின் நடுமட்டத்துக்குக் கீழே இருக்கும்படி ஒரு ‘டீ’யும் (T வடிவக் குழாய் இணைப்பு) துண்டுக் குழாயும் பொருத்த வேண்டும். எண்ணெய் மேலே மிதந்து நிற்கும், சோறு கறி அடியில் தங்கும், நடுத் தண்ணீர் மட்டும் போகும். வாரத்துக்கு ஒருமுறை அந்த எண்ணெயை வழித்துக் குழியில் புதைக்க வேண்டும். இதைத் தொடர்ந்து செய்ய ஆளில்லாத வீட்டில் குசினித் தண்ணீரைக் கானோடு விட்டுவிடுங்கள். குளியலும் துவையலும் போதும்.

இனி அளவு. ஒரு வாரம் வாளிக் கணக்கில் அளந்து பாருங்கள். ஓர் ஆள் குளிக்க 25 லீற்றர் என்றால் ஐந்து பேருக்கு 125. ஒன்றுவிட்ட நாள் துவைக்க 70 லீற்றர் என்று வைத்தால் நாளொன்றுக்குச் சராசரி 35. ஆக 160, சிந்துவது போக 150 லீற்றர். வெயில் காலத்தில் பயிருள்ள ஒரு சதுர மீற்றர் நிலம் நாளொன்றுக்கு 3 முதல் 5 லீற்றர்வரை தண்ணீரை இழக்கும். ஊவாவில் ஜூலை, ஓகஸ்டில் அடிக்கிற காய்ந்த காற்றை நினைத்து 5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் தண்ணீர் 30 சதுர மீற்றருக்குக் காணும், அதாவது ஒரு பேர்ச்சைவிடக் கொஞ்சம் கூட. அந்த ஒரு பேர்ச்சில் இருக்கிற மரங்களை வெயிலில் காப்பாற்றலாம். ஏழு பேர்ச் முழுவதும் பச்சையாக வைக்க இந்தத் தண்ணீர் காணாது. இதை முதலிலேயே மனதில் வைத்தால் எதை நடுவது என்பது தெளிவாகும்.

மண்ணைச் சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. தண்ணீர் விட நினைக்கிற இடத்தில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, இரண்டு முறை நிரப்பி வடியவிடுங்கள். மூன்றாம் முறை நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் வைத்து, ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினால் அந்த இடம் சரிவராது, தண்ணீர் மேலே தேங்கும். நிரப்பிய தண்ணீர் பத்து நிமிடத்தில் முழுதும் காணாமல் போனாலும் அவதானம் தேவை. கீழே கல்லிடுக்கு இருக்கலாம், அந்தத் தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் பிடிக்கிற பீலியில் போய்க் கலக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் நல்ல மண். அப்படிப்பட்ட மண்ணிலும் நாளொன்றுக்குச் சதுர மீற்றருக்கு 20 லீற்றருக்கு மேல் விடாதீர்கள். களி கூடின மண் என்றால் 12, 15 லீற்றரோடு நிறுத்துங்கள்.

அதன்படி உங்களுக்கு எட்டுச் சதுர மீற்றர் குழிப்பரப்பு வேண்டும், களிமண் என்றால் பன்னிரண்டு. எட்டுக்கு நான்கு குழிகள் போதும், பன்னிரண்டுக்கு ஆறு வெட்டுங்கள். ஒவ்வொன்றும் சரிவுக்குக் குறுக்காக, சமமட்டத்தில் 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், ஒரு சாண் முதல் ஒரு அடி ஆழம். தேயிலை மலையில் கான் வெட்டினவர்கள் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருப்பார்கள், அவர்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. கானுக்குள் இடையிடையே மண்ணை வெட்டாமல் விட்டுத் தண்ணீரை மறிக்கிற அதே வேலைதான். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரம்பாகப் போட்டு மிதித்து, அதில் சேரைப்புல்லோ மானாப்புல்லோ நட்டுவிடுங்கள். குழியை மரச் சிராய், கிளிரிசிடியாக் குச்சி, கவ்வாத்து மிலாறை (வெட்டிய தேயிலைக் கிளைகளை) விரல் நீளத்துக்கு நறுக்கியது என்று பருக்கனான பொருளால் நிரப்புங்கள். மரத்தூள் வேண்டாம், அது பிடித்துப்போய் அடைத்துவிடும். குழியில் மரம் நடக் கூடாது. வாழையையும் பப்பாசியையும் குழியின் கீழ்விளிம்பில், முக்கால் மீற்றர் தள்ளி, மேடாக நடுங்கள். வேர் தேடி வரும், தண்டு நனைந்து அழுகாது. நிரப்பிய பொருள் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உக்கி இறங்கும். அப்போது உக்கியதை மண்வெட்டியால் வாரி மரத்தடியில் போட்டுவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.

குழாய் வேலை இவ்வளவுதான். குளியலறை வாய்க்கால் வெளியே வரும் இடத்தில் 2 அங்குல பி.வி.சி குழாயில் ஒரு ‘டீ’ போட்டு, அதன் இரண்டு கிளையிலும் ஒவ்வொரு வால்வு பொருத்துங்கள். ஒன்று கானுக்கு, மற்றது தோட்டத்துக்கு. மூன்று வழி வால்வு கடையில் கிடைத்தாலும் விலை கூட, இரண்டு சாதாரண வால்வு அதே வேலையைச் செய்யும். இந்த முழு ஏற்பாட்டில் காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். தோட்டப் பக்கத்துக் குழாய் ஒரு 50 லீற்றர் பிளாஸ்டிக் பரலுக்குப் போகட்டும். அது சேமிக்கிற தொட்டி இல்லை. துவைத்த தண்ணீர் ஒரேயடியாக வரும்போது வேகத்தைத் தாங்குவதற்காக வைப்பது. ஆகவே வெளிவாயைப் பரலின் அடியிலேயே வைக்க வேண்டும், ஒரு மணித்தியாலத்துக்குள் பரல் முழுதும் வடிந்துவிட வேண்டும். உள்வாயில் நைலோன் வலைப்பை ஒன்றைக் கட்டினால் தலைமுடியும் பஞ்சும் அதில் நிற்கும். இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை அதை உதற வேண்டும். பரலின் வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டுங்கள். இந்தத் தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் நின்றால் காற்றில்லாமல் புளித்து அழுகின முட்டை போல் நாறும், கிருமியும் பெருகும். தேங்கின தண்ணீரில் நுளம்புக் குடம்பி கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார், அவர் நிற்பதும் நியாயம்.

பரலிலிருந்து குழிக்குப் போகிற குழாய்க்கு 50க்கு 1 சரிவு வேண்டும், அதாவது 10 மீற்றர் நீளத்துக்கு 20 சென்ரிமீற்றர் இறக்கம். நான்கு குழிக்கும் ஒரே நேரத்தில் சமமாகப் பிரிக்கலாம் என்று ‘டீ’ மேல் ‘டீ’யாகப் போடுவார்கள். சரிவில் அது சமமாகப் பிரியாது, கீழே இருக்கிற குழியே எல்லாவற்றையும் குடிக்கும். முதல் வருடத்துக்கு என் பரிந்துரை ஒன்றரை அங்குல வளையும் குழாய் ஒன்றை வாங்கி, தினமும் காலையில் ஒரு குழியிலிருந்து அடுத்ததுக்குக் கையால் மாற்றுவது. துவைக்கிற நாளில் நடுவில் ஒருமுறை மாற்றுங்கள். ஒவ்வொரு குழிக்கும் மூன்று நாள் ஓய்வு கிடைக்கும், மண் காற்று வாங்கும், வழுவழுப்புப் படை காய்ந்து உதிரும். அடைப்பு எங்கே என்று தேடவும் வேண்டாம். ஒரு நாளைய முழுத் தண்ணீரும் ஒரே குழிக்குப் போகிறதே என்று கேட்பீர்கள். நான்கு நாளுக்குப் பிரித்துப் பார்த்தால் கணக்கு அதேதான், 2 சதுர மீற்றர் குழியில் பருக்கனான பொருள் இருந்தால் 150 லீற்றர் தாராளமாக அடங்கும். குழாயின் வாயை நிரப்பிய பொருளில் புதைக்காமல், அடி வெட்டிய பழைய வாளியைக் கவிழ்த்து அதற்குள் நான்கு விரல் உயரத்தில் தொங்கவிடுங்கள். புதைத்தால் வேர் உள்ளே போய்விடும். தண்ணீர் எந்த நேரத்திலும் கண்ணுக்குத் தெரியும்படி மேலே நிற்கவும் கூடாது, வழியவும் கூடாது.

எதை நடலாம் என்பதில் இரண்டு அளவுகோல். ஒன்று கிருமி. வல்லாரை, பொன்னாங்காணி, சலாது இலை போல நிலத்தோடு கிடந்து பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிடுகிற எதற்கும் வேண்டாம். கரட், பீட்ரூட், நோக்கோல், லீக்ஸ் என்று மண்ணைத் தொடுகிறவைக்கும் வேண்டாம். அவற்றுக்குப் பீலித் தண்ணீரையோ மழைநீரையோ ஒதுக்குங்கள். உயரத்தில் காய்த்து, தோலுரித்தோ சமைத்தோ சாப்பிடுபவை பாதுகாப்பானவை. 2006இல் உலக சுகாதார நிறுவனம் கழிவுநீரை விவசாயத்துக்குப் பயன்படுத்துவது பற்றி வெளியிட்ட வழிகாட்டிகளும் ஒரே ஒரு சுத்திகரிப்பை நம்பாமல், பயிரைத் தெரிவது, மண்ணுக்குள் விடுவது, அறுவடைக்கு முன் நிறுத்துவது, கழுவிச் சமைப்பது என்று பல தடைகளை அடுக்கச் சொல்கின்றன. இரண்டாவது அளவுகோல் உப்பு. போஞ்சி உயரத்தில் காய்த்தாலும் உப்பைத் தாங்காது. தோடை, எலுமிச்சையும் வெண்ணெய்ப்பழமும் அப்படியே, வெண்ணெய்ப்பழத்துக்கு வேரடியில் ஈரம் நின்றால் வேரழுகலும் வரும். தேயிலைக்கும் விடாதீர்கள். அது புளிப்பு மண் கேட்கிற செடி, சவர்க்காரத் தண்ணீர் காரம். மாடு வைத்திருந்தால் சீ.ஓ. 3 என்ற மாட்டுப்புல்தான் எனக்குப் பிடித்த தெரிவு. எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும், சாப்பாட்டுக் கவலையும் இல்லை.

மண் கெடுமா என்பதற்கு உறுதியான பாதியும் சந்தேகமான பாதியும் உண்டு. கட்டிச் சவர்க்காரம், சலவைத்தூள் இரண்டிலும் சோடியம் இருக்கிறது, தூளில் நிரப்புப் பொருளாகவும் சோடியம் உப்பு சேர்ப்பதால் பொதுவாக அதிகம். சோடியம் மண்ணில் ஏறினால் களித்துகள் பிரிந்து துளைகளை அடைக்கும், தண்ணீர் இறங்காமல் போகும். இது உறுதி. மலைநாட்டின் செம்மஞ்சள் பொட்சொலிக் மண் இயல்பாகவே புளிப்பானது, அதன் களியும் எளிதில் வீங்கிப் பிரிகிற வகை அல்ல, ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை பெய்கிற மழை உப்பைக் கழுவியும் கொண்டுபோகும். ஆகவே வறண்ட சமவெளியில் சொல்கிற அளவுக்குப் பயப்படத் தேவையில்லை என்பது என் கணிப்பு. ஆனால் அது நீங்கள் போடுகிற தூளின் அளவைப் பொறுத்தது. பத்து வருடத்துக்குப் பிறகு உங்கள் குழியடி மண் எப்படி இருக்கும் என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. தூளைப் பாதியாகக் குறையுங்கள், முடிந்தால் திரவச் சலவைக்கு மாறுங்கள், போரக்ஸ் என்று எழுதியிருப்பதை வாங்காதீர்கள். ப்ளீச், கிருமிநாசினித் திரவம் போட்டுத் துவைக்கிற நாளில் வால்வைக் கானுக்குத் திருப்புங்கள். இலை ஓரம் கருகுவது, மண்மேல் வெண்படை, முன்பு இறங்கிய தண்ணீர் தேங்கி நிற்பது ஆகியவை எச்சரிக்கை. கண்டால் அந்தக் குழிக்கு இரண்டு மாதம் ஓய்வு கொடுத்து மழைநீரால் அலசவிடுங்கள், ஜிப்சம் கிடைத்தால் சதுர மீற்றருக்கு இரண்டு கைப்பிடி தூவலாம். வழக்கமாக டொலமைற் போடுகிறவர்கள் இந்த இடத்தில் வழக்கத்துக்குப் போடாமல், விவசாயப் போதனாசிரியர் மூலம் மண்ணின் காரத்தன்மையைப் பார்த்த பிறகே போட வேண்டும்.

இப்போது சரிவு. உங்கள் ஏழு பேர்ச் மேட்டை வெட்டிச் சமப்படுத்தித்தான் வந்திருக்கும். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்சுவர், முன்னால் இட்டு நிரப்பிய மண். பின்மேட்டின் மேலே ஒரு சொட்டும் விடாதீர்கள். முன்னாலுள்ள நிரப்பு மண்ணிலும் அதன் விளிம்பிலிருந்து குறைந்தது மூன்று மீற்றர் உள்ளே தள்ளியே குழி வெட்டுங்கள், அணைச்சுவர் இருந்தால் அதன் பின்புறம் வேண்டவே வேண்டாம். வீட்டு அத்திவாரத்துக்கும் அதே தூரம். நாளுக்கு 150 லீற்றர் ஒரு மலையைச் சரித்துவிடாது. ஆனால் ஏற்கெனவே நனைந்து கனத்திருக்கிற மண்ணில், ஒரே இடத்தில், மாதக் கணக்கில் இறங்கினால் அந்த இடத்தைப் பலவீனமாக்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் மண்சரிவு வந்ததும் மழைக்காலத்தில்தான். உங்கள் பக்கம் செப்டெம்பர் கடைசியில் நல்ல மழை இரண்டு நாள் தொடர்ந்து பெய்தால் தோட்ட வால்வைப் பூட்டிவிடுங்கள். பெப்ரவரிக்குப் பிறகு மண் காய்ந்ததைப் பார்த்துத்தான் திறக்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தவர்கள் இதைப் படித்தால் மாதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே வெயில் ஜனவரி முதல் மார்ச்வரை, தென்மேற்குப் பருவமழை மே மாதமே பிடித்துவிடும். நிலத்தில் புது வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று கலங்கி வருகிற ஊற்று, திறக்க முடியாமல் இறுகுகிற கதவு என்று எதையாவது கண்டால் இந்தத் தோட்ட வேலையை மறந்துவிட்டு கிராம உத்தியோகத்தருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். சரிவு பாதுகாப்பானதா என்று எழுத்தில் படித்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை.

கீழே யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்பதையும் நடந்து பார்த்துவிடுங்கள். குடிக்க எடுக்கிற ஊற்று, பீலி, கிணறு எதற்கும் குழி 30 மீற்றருக்கு உள்ளே வேண்டாம். அவற்றுக்கு நேர்மேலே இருந்தால் தூரம் கூடினாலும் வேறு இடம் பாருங்கள்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிறவர்களும் இதே கேள்வியோடு இருப்பார்கள். லயத்துக்கு முன்னால் ஓடுகிற பொதுக் கானிலிருந்து தண்ணீரை மறித்து எடுக்க வேண்டாம். மேலே ஏதாவது ஒரு மலசலகூடக் குழி நிரம்பி அதில் கசிந்துகொண்டிருக்கலாம், பார்த்தால் தெரியாது. எலி ஓடுகிற கான் என்பதால் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு, வெறுங்காலோடு இறங்கக் கூடாது. துவைக்கிற தண்ணீரைக் கானில் விழும் முன்பே வாளியில் பிடித்து, வாசல் வாழையடியில் வெட்டிய சிறு குழியில் ஊற்றுவது போதும். துவைக்கிற நாளில் முதல் சவர்க்காரத் தண்ணீரைக் கானில் விட்டு, இரண்டாம், மூன்றாம் அலசலை மட்டும் பிடித்தால் உப்பும் வெகுவாகக் குறையும். உங்கள் வீட்டில் குழாய் வேலை முடியும்வரை நீங்களும் இதையே செய்யலாம். குழிகளை ஏப்ரல் மழையின் ஈரம் இருக்கும்போதே வெட்டிவிடுங்கள், ஜூனில் ஊவா மண் இறுகின பிறகு மண்வெட்டி இறங்காது.